பழைய பேப்பரும் ஒரு கத்தரிக்கோலும்

போன ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் பெரிய மனிதர்கள். கீழே நாற்காலி நிறைய ஜனம். நடுவில் நான் எழுந்து நின்று கத்தினேன்.

கத்தினேன் என்றால் சும்மா இல்லை. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டதாம். என் வீட்டுக்காரர்தான் சொன்னார். நான் வாயைத் திறந்ததுமே அவர் நைசாக எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார். யாரோ எவரோ என்பது போல உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் பாட்டை அலறவிடுகிறவரிடம் போட்டிருக்கிறேன். அதெல்லாம் சாயங்காலக் காப்பிக்குள் ஆறிவிடும். இது ஆறவில்லை. எழுத உட்கார்ந்த பிறகும் ஆறவில்லை. வார்த்தை கொஞ்சம் சூடாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்... பொறுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

விஷயம், ஒரு பழைய பேப்பர்.

"அட, இவ்வளவுதானா?" என்கிறீர்களா? என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கேட்டார். அவருக்கு அன்று ராத்திரி உப்புமா.

நான் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளைச் சேர்க்கிறவள். முழுப் பத்திரிகை கிடைத்தால் முழுசாக. இல்லையா, விளையாட்டுப் பக்கம் மட்டும். ஸ்டாம்ப் சேர்க்கிறவர்களை மரியாதையாகப் பார்ப்பார்கள். பழைய காசு சேர்க்கிறவர்களை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். பழைய பேப்பர் சேர்க்கிறவளை? எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதே இல்லை. தொழிலுக்குப் போட்டி என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

ஏன் விளையாட்டுப் பக்கம்? சொல்கிறேன். மந்திரி பேசியது பத்து இடத்தில் பதிவாகியிருக்கும். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக் கபடி டீம் வெளியூர் போய் ஜெயித்ததை யார் பதிவு செய்வார்கள்? மறுநாள் பேப்பரில் கடைசிக்கு முந்தைய பக்கம், கீழ் மூலை, நான்கு வரி. அதோடு சரி. அதற்கு அடுத்த நாள் அந்த நான்கு வரியின் மேல் பஜ்ஜி எண்ணெய்.

ஜெயித்தவர்களுக்குக் கிடைத்த கப்பு எங்கேயோ போயிருக்கும். சர்டிஃபிகேட்டைக் கரையான் தின்றிருக்கும். அந்த நான்கு வரிதான் மிச்சம். அதையும் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. நியூஸ்பிரிண்ட் என்பது ஒரு நாள் வாழ்வதற்காகச் செய்த காகிதம். அதிலிருக்கும் அமிலமே அதைத் தின்னும். முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் அப்பளம். மடிப்பில் கை வைத்தால் மடிப்பே கையோடு வரும்.

அதனால் எனக்குச் சில சட்டங்கள் உண்டு. செலோடேப் கூடாது. ரப்பர் பேண்ட் கூடாது. வெயில் கூடாது. பரணில் போடக் கூடாது, அங்கே கோடையில் வெந்துவிடும். பூச்சி உருண்டையைப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. பக்கத்தை எடுக்கும்போது நுனியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் ஒரு அட்டையை நுழைத்து அட்டையோடு தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: லேமினேஷன் கூடவே கூடாது!

எங்கள் ஊரில் லேமினேஷன் ஒரு தனி மதம். ரேஷன் கார்டா, லேமினேஷன். ஜாதகமா, லேமினேஷன். மார்க் ஷீட், பட்டா, குலதெய்வம் படம், செத்துப்போன மாமனாரின் பஸ் பாஸ்... எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் "அண்ணா, ஒரு லேமினேஷன்" என்றால் முடிந்தது. வெளியே வரும்போது பளபள என்று இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மோட்சம் கிடைத்த மாதிரி ஒரு திருப்தி. பழைய நியூஸ்பிரிண்ட்டை அந்தச் சுடுகிற உருளைக்குள் விட்டால் என்ன ஆகும்? நொறுங்குகிறது நொறுங்கினபடியே ஒட்டிக்கொள்ளும். அமிலம் உள்ளேயே அடைபட்டுக்கொள்ளும். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்து பிளாஸ்டிக்கோடு போகும். திரும்ப எடுக்க வழியே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

எலவனாசூர்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். வீட்டுப் பெரியவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். அவர் காலமான பிறகு பீரோவைக் காலி செய்தபோது கட்டுக் கட்டாகப் பழைய விளையாட்டுப் பக்கங்கள். மருமகள் எனக்குப் போன் செய்து, "எடுத்துக்கினு போயிடுங்க அக்கா, இல்லன்னா இவரு எடைக்குப் போட்டுருவாரு" என்றார். போய் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கட்டில்தான் அந்தப் பக்கம் இருந்தது. மாநில அளவில் பள்ளி மாணவிகளுக்கு நடந்த ஓட்டப் பந்தயம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். எல்லைக் கோட்டைத் தொடுகிற நொடியில் எடுத்த படம், பக்கத்தின் கால்வாசிக்கு. படத்தின் நடுவில் ஒரு பெண், நல்ல பனியன், வெள்ளை ஷூ. அவளுக்கு முன்னால், வலது ஓரத்தில், வெறுங்காலோடு இன்னொரு பெண். கீழே ஒரே வரி: முதலிடம் பெற்ற கல்வராயன் மலை மாணவி அலமேலு (வலது).

அலமேலு! யார் இந்த அலமேலு? இப்போது எங்கே இருக்கிறாள்? இதே பத்தியில் கேட்டிருந்தேன், நினைவிருக்கும்.

மலையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "மேடம், நீங்க சொல்றவங்க வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல இருக்காங்க. நம்மகிட்டதான் பிரஷர் மாத்திரை வாங்குவாங்க" என்றார். மறுநாளே அலமேலுவைத் தன் போனில் பேசவைத்தார்.

"பேப்பர்ல போட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க மேடம். நான் பாக்கல. அப்போ மலைக்கு எங்க பேப்பரு வந்துச்சு?"

"கப்பு, சர்டிஃபிகேட்டு ஏதாச்சும் இருக்காம்மா?"

"கப்பு ஸ்கூல்லயே வெச்சிக்கினாங்க. சர்டிஃபிகேட்டு கூரை ஒழுகி கூழாப் பூடுச்சு. எங்க வூட்டுக்காரரு நம்பவே மாட்டாரு மேடம். கல்யாணமான நாள்லேர்ந்து இதே பேச்சு. 'நீ எங்கடி ஓடுன, ஆட்டுக்குட்டி பின்னால ஓடுன'ன்னுவாரு. புள்ளைங்களும் அதையே சொல்லிச் சிரிக்குதுங்க."

பிறகு சொன்னார். "எனக்கு வேற ஒண்ணும் வாணாம் மேடம். அந்தப் படத்த ஒரு தபா அந்தாளு கண்ணால பாக்கணும். அவ்ளோதான்."

நான் போனில் படம் பிடித்து நர்ஸ் போனுக்கு அனுப்பினேன். என் போன் பழசு. பேப்பரில் அச்சான படம் வேறு, கிட்டப் போனால் வெறும் புள்ளி. "கட்டம் கட்டமாத் தெரியுது மேடம், ஆளே தெரியல" என்று பதில் வந்தது. நேரில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் வந்தார் செயலாளர்.

எங்கள் ஊரில் விளையாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பேர் வேண்டாம். அதன் செயலாளர், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை போடுகிற மனிதர். "மேடம், உங்க கட்டுரை படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்தம்மாவ மேடை ஏத்திக் கௌரவிக்கலாம். குடும்பத்தோட வரச்சொல்லுங்க. அந்தப் பேப்பர மட்டும் குடுங்க, நம்ம சிநேகிதர் பிரஸ்ல பெரிய ஸ்கேனர் இருக்கு. பெருசா எடுத்து பிரேம் போட்டுரலாம்."

எனக்கும் சந்தோஷம். என் வீட்டு ஸ்கேனரில் பாதிப் பக்கம்கூட அடங்காது. பக்கத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, வெள்ளை நாடாவால் கட்டி, கையில் கொடுத்தேன். சட்டங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்கேன் எடுத்ததும் அப்படியே திருப்பித் தர வேண்டும் என்றேன். லேமினேஷன் பற்றி இரண்டு முறை சொன்னேன்.

"என்ன மேடம், கைக்கொழந்த மாதிரி சொல்றீங்க. நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை அலமேலு மலையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. புதுப் புடவை. கூடவே வீட்டுக்காரர் சடையன், வேட்டி மடிப்புக் கலையாமல், எதையும் நம்பாத ஒரு முகத்தோடு. எனக்கு வணக்கம் சொன்னார். "இவ ஓடுனான்னு நீங்களும் நம்புறீங்களா மேடம்?" என்றார். "கொஞ்ச நேரத்துல நீங்களே பாப்பீங்க" என்றேன். அலமேலு என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு. கௌரவிக்கப்பட வேண்டியவர்கள் கீழே காத்திருக்க, கௌரவிக்கிறவர்கள் மேலே ஒருவரையொருவர் கௌரவித்துக்கொண்டார்கள். கடைசியில் அலமேலுவைக் கூப்பிட்டார்கள். சால்வை. கைத்தட்டல். சிறப்பு விருந்தினர் ஒரு பிரேமின் மேலிருந்த துணியை விலக்கினார்.

நான் நாற்காலி நுனிக்கு வந்தேன்.

பிரேமுக்குள் பளபள என்று பிளாஸ்டிக். அதற்குள்ளே... என் பேப்பர்! பிரிண்ட் இல்லை, ஸ்கேன் இல்லை, அசல். உருளையில் வெந்து கறுத்திருந்தது. நடுவே ஒரு கொப்புளம். சுற்றிலும் கத்தரித்திருந்தார்கள். செய்தி இல்லை. கீழே இருந்த வரி இல்லை. படம் மட்டும். அந்தப் படத்திலும் அலமேலு இல்லை!

ஆமாம். சரியாகத்தான் படித்தீர்கள். நடுவில் வெள்ளை ஷூ போட்ட அந்தப் பெண் மட்டும் ஜம்மென்று இருந்தாள். வலது ஓரத்தில், ஜெயித்தவள் இருக்க வேண்டிய இடத்தில், தங்கக் கலர் சட்டம்.

அலமேலு பிரேமைக் கையில் வாங்கிப் பார்த்தார். போட்டோகிராபர்கள் "அம்மா, சிரிங்க, சிரிங்க" என்றார்கள். அவர் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் மைக்கை நீட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"இது நான் இல்லீங்க" என்றார் அலமேலு.

செயலாளர் குனிந்து, மைக்கில் விழும்படியாகவே, "நீங்கதாம்மா. சின்ன வயசுல எடுத்தது, மறந்திருப்பீங்க" என்றார்.

கேட்டீர்களா? அவள் முகம் அவளுக்கே மறந்துபோயிருக்குமாம்!

"நான் ஷூவே போட்டதில்லீங்க" என்றார் அலமேலு. குரல் நடுங்கினாலும் நிறுத்தவில்லை. "இது ரெண்டாவதா வந்த பொண்ணு. தோ, இந்த ஓரத்துல ஒரு காலு தெரியுது பாருங்க, இந்தக் காலு மட்டும்தான் என்னுது. அந்தப் பொண்ணு கடேசி வரைக்கும் என் குதிகாலப் பாத்துக்கினேதான் ஓடியாந்துச்சு."

எட்டிப் பார்த்தேன். சட்டத்தை ஒட்டி, பின்னால் தூக்கிய ஒரு வெறுங்கால். உள்ளங்காலில் மண் அப்பியிருந்தது. உடம்பை வெட்டியவர்கள் அந்தக் காலை மட்டும் மறந்து விட்டுவிட்டார்கள்.

ஜனம் சிரித்தது. ஏதோ ஜோக் சொன்னது மாதிரி கையும் தட்டியது. அலமேலு அந்தச் சிரிப்புக்கு நடுவில், அடுத்தவள் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே சடையன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் சொல்லிக்கினேதான் இருக்கேன். இவ எங்க ஓடுனா? பேப்பர்ல கூட வேற பொண்ணுதான் கெடக்குது பாரு."

அப்போதுதான் நான் எழுந்தேன்.

"யாருய்யா வெட்டினது?" என்றுதான் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு சொன்னதை எல்லாம் ஆசிரியர் அச்சில் போட மாட்டார். சிறப்பு விருந்தினருக்கு வேறு நிகழ்ச்சி இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. மேடை காலியானது. செயலாளரை மண்டபத்து சமையல்கட்டுப் பக்கம் மடக்கிப் பிடித்தேன்.

"ஸ்கேன் எடுக்கறேன்னுதானே வாங்கினீங்க?"

"ஒரிஜினலே இருக்கும்போது காப்பி எதுக்கு மேடம்? அந்தம்மாவுக்கே போகட்டுமேன்னுதான்..."

"என் பேப்பரை நீங்க யாரு தானம் பண்றதுக்கு? சரி, போகட்டும். எதுக்கு லேமினேஷன்?"

"பத்திரமா இருக்கும்ல?"

"எதுக்கு வெட்டினீங்க?"

"பிரேம்ல அடங்கல மேடம். எது பளிச்சுன்னு இருந்துச்சோ அத வெச்சிக்கினோம். ஷூவெல்லாம் போட்டிருந்துச்சா... அதுதான் ஃபர்ஸ்ட் வந்த பொண்ணுன்னு நெனச்சோம்."

"கீழ பேர் போட்டிருந்துச்சே! வலதுன்னு எழுதியிருந்துச்சே!"

"அந்த எழுத்தெல்லாம் பழுப்பேறி அசிங்கமா இருந்துச்சு மேடம். அதான் மொதல்லயே எடுத்துட்டோம்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சொல்லுங்கள், நான் கேட்கிறேன். ஒரு படம். இரண்டு பெண்கள். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். முன்னால் இருக்கிறவள்தான் ஜெயித்தவள் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். சங்கம் நடத்துகிறவர்களுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? ஷூ! ஷூ போட்டவள்தான் ஜெயித்திருக்க முடியும் என்று கண்ணுக்குள்ளேயே ஒரு கணக்கு. மலையிலிருந்து வெறுங்காலோடு வந்தவள் படத்தில் தற்செயலாக வந்து விழுந்தவள். ஓரமாக இருந்தாள், ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். மனசறிந்து செய்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. யோசிக்காமலே செய்திருக்கிறார்கள். கை தானாகவே அந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது!

பழைய பேப்பருக்குப் பூச்சி எதிரி, ஈரம் எதிரி, வெயில் எதிரி என்று இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்தேன். பூச்சிக்குக்கூட ஒரு நியாயம் உண்டு. அது ஷூ பார்த்துத் தின்னாது.

வெளியே வந்தபோது அலமேலு பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார். பிரேம் ஒரு நாற்காலியில் கிடந்தது. அவர் எடுத்துப் போகவில்லை. சரியான காரியம்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக பஸ் ஸ்டாண்டு. செயலாளரிடம் கடைப் பேரை வாங்கியிருந்தேன். வீட்டுக்காரர், "கிடைக்காதுடி, வீணா அலையாத" என்றார். "அப்போ நீங்க வீட்டுலயே இருங்க" என்றேன். வண்டியை அவர்தான் ஓட்டினார்.

லேமினேஷன் கடைக்காரர் நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார். "அண்ணன் பென்சில்ல கோடு போட்டுக் குடுத்தாரு மேடம். நாங்க கோட்டு மேல வெட்டிட்டுத்தான் மெஷின்ல உட்டோம்."

"படத்துல ஒரு ஆளை வெட்டறோமேன்னு தெரியலையா உங்களுக்கு?"

"இன்னா மேடம் நீங்க? வர்ற பேப்பரையெல்லாம் பாத்துக்கினு இருந்தா கடையச் சாத்திக்கினு போவ வேண்டியதுதான்." அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "கத்தாதீங்க. வெட்டுன துண்டெல்லாம் தோ, அந்த சாக்குலதான் கெடக்கும். குப்பை வண்டி வர்ல இன்னும். வோணும்னா தேடிக்குங்க."

கொட்டினேன். கடை வாசலில், சிமெண்ட் தரையில், முழு சாக்கையும் கொட்டினேன். பிளாஸ்டிக் ஓரங்கள், ஆதார் ஜெராக்ஸின் விளிம்புகள், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் மீந்த தோள்பட்டைகள். பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாம்மா தொலைச்ச, தாலியா?" என்றார் ஒருவர். "இல்ல, ஒரு பொண்ண" என்றேன். அவர் நடையைக் கட்டினார்.

முதலில் செய்தியின் ஒரு மூலை கிடைத்தது. பிறகு பேர் போட்ட அந்த வரி, பாதியாக. அதற்கும் பிறகு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் கிழிசலுக்கு அடியில், நீளமாக ஒரு துண்டு.

அலமேலு!

இரண்டாக உடைந்திருந்தது. ஒரு காது பக்கம் உதிர்ந்திருந்தது. ஆனாலும் முகம் முழுசாக இருந்தது. வாய் திறந்து, கண் இடுங்கி, கழுத்து நரம்பு புடைத்து... மார்புக்குக் குறுக்கே கோட்டில் கட்டியிருந்த ரிப்பன். அவள் மேல்தான் இருந்தது அது, வேறு யார் மேலும் இல்லை. சூடு படாத, பிளாஸ்டிக் படாத, அசல் காகிதம். கௌரவித்ததை வேகவைத்துக் கொன்றார்கள். குப்பை என்று போட்டது பிழைத்துக்கொண்டது.

நடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். வீட்டுக்காரர் அடியில் நுழைக்க ஒரு அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அவ்வளவாவது கற்றுக்கொண்டிருக்கிறார்.

துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தி, அமிலமில்லாத தாளுக்கு நடுவில் வைத்து, அட்டை போட்டுக் கட்டி, அந்த வாரமே மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு மடியில் அணைத்துக்கொண்டு போனேன். நர்ஸ் வழி காட்டினார்.

அலமேலு வீட்டில் வரவேற்பு ஒன்றும் பெரிசாக இல்லை. "வாங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். நொந்துபோயிருந்தார். மேடையில் பட்டது போதாதென்று, திரும்பி வந்ததும் ஊரெல்லாம் கேட்டிருக்கிறது. "படத்துல ஷூ போட்டுக்கினு யாரோ இருந்துச்சாமே?" சொன்னது வேறு யார்? சடையன்தான்.

சடையன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

நான் அட்டையைப் பிரித்தேன். தொடாமல் பார்க்கச் சொன்னேன். அலமேலு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரு மேடம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கதாம்மா!"

"நானா?" மறுபடியும் குனிந்தார். "எனக்குத் தெரியலியே... அந்த வயசுல என்னிய யாரு படம் புடிச்சா? எங்க வூட்ல கண்ணாடி கூட உள்ளங்கை அகலம்தான். காலு தெரிஞ்சுது. மூஞ்சி தெரியலியே மேடம்."

செயலாளர் மேல் இருந்த கோபம் அத்தனையும் எனக்கு அந்த நிமிஷம் திரும்ப ஏறியது. 'மறந்திருப்பீங்க' என்றாரே. மறப்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டாமா? ஒரு பெண் தன் பதினேழு வயசு முகத்தை வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்க வந்தாள். அவளுக்கு அடுத்தவள் முகத்தைப் பிரேம் போட்டுக் கொடுத்து, சிரிக்கவும் சொன்னார்கள்!

"இன்னா அது?" என்று சடையன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். எட்டிப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வரச் சொன்னார். அட்டையோடு எடுத்துப் போனேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது இவதான்" என்றார்.

"உனக்கு எப்புடித் தெரியும்?" என்றார் அலமேலு.

"பொண்ணு பாக்க வந்தப்ப இந்த மூஞ்சியத்தான பாத்தேன். எனக்குத் தெரியாதா?" விரலைக் காகிதத்தில் படாமல் காட்டி, என்னிடம் கேட்டார். "இது இன்னா மேடம், நெஞ்சுல குறுக்கால?"

"ரிப்பன். கோட்டுல கட்டியிருப்பாங்க. முதல்ல வர்றவங்க மேலதான் படும்."

சடையன் தலையை ஆட்டினார். நிமிரவில்லை.

அலமேலு அவர் எதிரில் போய் நின்றார். மேடையில் நடுங்கிய குரல் இப்போது நடுங்கவில்லை. "ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சியே. புள்ளைங்க எதுர்ல சிரிச்சியே. ஆட்டுக்குட்டி பின்னால ஓடுனேன்னியே. இப்போ சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் ஓடுனனா, இல்லியா?"

என் வீட்டுக்காரர் ஓர் அடி பின்னால் தள்ளிக்கொண்டார், பழக்கதோஷம்.

"ஓடுன" என்றார் சடையன்.

"வாய்க்குள்ள சொல்லாத. பக்கத்து வூட்டுக்குக் கேக்கட்டும்."

"ஓடுனடீ! நீதான் மொதல்ல வந்த!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து நிஜமாகவே இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அலமேலு அவர்களையும் கையசைத்துக் கூப்பிட்டார். "வாங்க, வந்து பாருங்க. தொடாதீங்க, ஒடஞ்சிரும்."

அந்தத் துண்டை அங்கேயே விட்டுவந்தேன், அட்டையோடு. எதை எதைச் செய்யக் கூடாது என்று அலமேலு என்னைவிட நன்றாகவே தெரிந்துகொண்டுவிட்டார்.

செயலாளர் ஐயா, இந்த வாரம் இந்தப் பக்கத்தை நீங்கள் கட்டாயம் படிப்பீர்கள். படியுங்கள். தயவுசெய்து வெட்டி எடுத்து மட்டும் வைக்காதீர்கள்.